டிவி திருத்திய முகம்

தென்காசியில் ஒரு பெரிய வீட்டுச் சாமான் கடையின் மாடியில், டிவி பகுதியில் வேலை பார்க்கிறேன். பதின்மூன்று வருடமாகிறது. காலையில் கடை திறந்ததும் சுவரில் மாட்டியிருக்கும் எல்லா டிவிகளையும் போட்டுவிடுவது என் முதல் வேலை. எல்லாவற்றிலும் கம்பெனிக்காரர்கள் தரும் மாதிரிப் படம்தான் ஓடும். ஏதோ ஒரு நாட்டுப் பூ மெதுவாக விரியும். ஒரு பச்சைக்கிளி தலையைத் திருப்பும். சத்தம் கிடையாது. வாடிக்கையாளர் யாராவது ஏறி வரும்வரை அந்த வெளிச்சத்தில் நான் ஒருத்திதான் நின்றுகொண்டிருப்பேன். அம்மா போன பிறகு வீட்டிலும் நான் ஒருத்திதான். கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்காமலே நின்றுவிட்டது.

அவர் வந்தது குற்றாலத்தில் சீசன் நன்றாகப் பிடித்திருந்த ஒரு மத்தியானம். சாரலுக்கு ஒதுங்குகிறவர்கள் மாடிவரை ஏறி வந்து, தலையைத் துவட்டியபடி கொஞ்ச நேரம் டிவி பார்த்துவிட்டு இறங்கிப் போவார்கள். அவரையும் அப்படித்தான் நினைத்தேன். அறுபத்தைந்து வயதிருக்கும். நிமிர்ந்த நடை, ஒட்ட வெட்டிய மீசை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ஊர் இலத்தூர் என்பது பேச்சில் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினார். கடையில் இருப்பதிலேயே நல்ல படம் தெரியும் டிவியில் இதைப் போட்டுக் காட்ட வேண்டும், பிடித்திருந்தால் அதையே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

புதிதாக வந்து இறங்கியிருந்த பெரிய டிவியில் செருகினேன். பதினைந்து இருபது வருடத்துக்கு முந்தைய கல்யாண வீடியோ. அவருடைய மகள் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை, மேளக்காரர்கள், பந்தி என்று ஓடியது. எல்லாமே நேற்று எடுத்ததுபோலப் பளிச்சென்று இருந்தன. அவர் ரிமோட்டை வாங்கி ஓட்டிக்கொண்டே போய், பந்தியில் ஓர் இடத்தில் நிறுத்தினார். இலைகளுக்கு நடுவே ஒரு பெண் நின்றிருந்தாள். கேமரா தன் பக்கம் திரும்பியதைக் கண்டதும் கையால் கன்னத்தை மறைத்துக்கொண்டு, கேமராக்காரரைப் போகச் சொல்லி ஏதோ திட்டுகிறாள். பிறகு சிரித்துவிட்டுக் கையை எடுக்கிறாள். அவ்வளவுதான், பத்துப் பதினோரு நொடி. மேலே சினிமாப் பாட்டைச் சேர்த்திருந்ததால் அவள் குரல் கேட்கவில்லை.

அவர் மூன்று முறை போட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது யாரும்மா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தவர்கள் இல்லையா என்று கேட்டேன்.

"என் வீட்டுக்காரிதான். ஆனா இது அவ இல்ல. அவளுக்கு இங்கன ஒரு தழும்பு உண்டு" என்று இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அவள் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. போட்டோ எடுப்பதே பிடிக்காதாம். அசைகிற படமாக அவளிடமிருந்து மிஞ்சியது இது ஒன்றுதானாம்.

என்ன நடந்திருக்கிறது என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வருடா வருடம் டிவி கம்பெனிக்காரர்கள் எங்களை மதுரைக்கு அழைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். இனிமேல் ஒளிபரப்புகிறவர்கள் முழுப் படத்தையும் அனுப்ப வேண்டியதில்லை, கொஞ்சம் அனுப்பினால் போதும், மீதியை டிவியே ஊகித்து நிரப்பிக்கொள்ளும் என்று அங்கே சொல்லித் தந்திருந்தார்கள். மங்கலான படத்தில் ஒரு முகத்தைக் கண்டால், முகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி வரைந்துவிடும். அதை நானே எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லி விற்றிருக்கிறேன். அந்தப் பழைய வீடியோவில் தழும்பு என்பது நாலைந்து புள்ளிதான். டிவி அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது.

செட்டிங்கைத் திறந்து ஒவ்வொன்றாக அணைத்தேன். கூர்மையாக்குவது, வழவழப்பாக்குவது, நிறத்தைத் தூக்கிக் காட்டுவது எல்லாவற்றையும். படத்தின் அளவையும் குறைத்தேன். பெரிய கறுப்புத் திரையின் நடுவில் சின்னதாக, மங்கலாக, கட்டம் கட்டமாக அந்தப் பெண் வந்தாள். கையை எடுத்தபோது கன்னத்தில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. அவர் டிவிக்கு மிக அருகில் போய் நின்றுகொண்டார். நான் தள்ளிப்போய் ஒரு வாஷிங் மெஷினின் மேலிருந்த தூசியைத் துடைத்தேன்.

அவருக்கு அவ்வளவு பெரிய டிவி தேவையில்லை என்று சொல்லி, நடுத்தரமான ஒன்றைக் காட்டினேன். அதையே வாங்கிக்கொண்டு போனார். எங்கள் மேனேஜர் அன்று சாயங்காலம்வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பட்டாளத்துக்காரர் கடைக்குப் போன் செய்து என்னைக் கேட்டார். குரல் தணிந்திருந்தது. "பழையபடி மாத்திட்டாங்கம்மா. நான் ஒண்ணும் தொடல. காலையில போட்டா அவ மூஞ்சி வழவழன்னு இருக்கு."

டிவி தானாகவே இன்டர்நெட்டிலிருந்து புது அப்டேட்டை ஏற்றிக்கொண்டுவிட்டது. உதவி எண்ணுக்குப் பேசினாராம். இது நல்லதுக்குத்தான் சார், படம் இன்னும் தெளிவாக இருக்குமே என்று சொன்னார்களாம். மெக்கானிக்கை அனுப்பினாலும் அவன் அதையேதான் சொல்வான். வாராந்திர விடுமுறை அன்று வருகிறேன் என்று நானே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

பஸ்ஸில் போனேன். சின்ன வீடு, மிகச் சுத்தமாக இருந்தது. துணி மடிப்புகூட ஒரே அளவில் இருந்தது. டிவிக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. எனக்காக அடுப்படியிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

செட்டிங்கைத் திறந்தால் நான் முன்பு அணைத்த எதுவுமே அங்கே இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். அதைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்த முடியாது. முக்கால் மணி நேரம் போராடினேன். அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில், கல்யாண வீடியோ முதலில் எதில் வந்தது என்று கேட்டேன். டிஸ்க்கில் என்றார். அந்தப் பழைய பிளேயர் பீரோ மேலே துணி சுற்றி இருந்தது. இறக்கி, மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயர்களை டிவியின் பின்னால் செருகி, அந்த வழியை வீடியோ கேம் விளையாடும் வழி என்று டிவியிடம் சொல்லி வைத்தேன். கேம் என்றால் படம் தாமதமாகக் கூடாது என்பதால் டிவி அதில் அதிகம் கை வைக்காது. டிஸ்க் இரண்டு முறை திக்கிவிட்டு ஓடியது. பந்தி வந்தது. அவர் மனைவி கையை எடுத்தாள். தழும்பு இருந்தது.

ஒரு முறைதான் பார்த்தார். உடனே நிறுத்தி, டிஸ்க்கை எடுத்து உறையில் போட்டார். தினமும் பார்ப்பீர்களா என்று கேட்டேன்.

"இல்லம்மா. தினமும் பாத்தா பழகிப் போயிரும்."

காப்பி போட்டுக் கொடுத்தார். தழும்பைப் பற்றி அப்போதுதான் சொன்னார். அவர் காஷ்மீரில் இருந்தபோது, வீட்டில் முறுக்குச் சுட்ட எண்ணெய் தெறித்ததாம். அவர் பயந்துவிடக் கூடாது என்று கடிதத்தில் அவள் எழுதவில்லை. ஏழு மாதம் கழித்து லீவில் வந்து இறங்கியபோது, வாசலில் நின்றவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டே பேசியிருக்கிறாள். பல் வலியா என்று கேட்டிருக்கிறார். கன்னத்தில் கை வைக்கும் அந்தப் பழக்கத்தை அவள் கடைசிவரை விடவில்லையாம். "எரிஞ்சப்ப நான் பக்கத்துல இல்ல. யாரு மருந்து போட்டான்னுகூட எனக்குத் தெரியாது. அத மட்டும் அழிச்சிட்டா எப்படி?" என்றார்.

பிறகு, என் வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன். அதை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவர் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார்.

பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். எதிர் வீட்டுப் பெண் முற்றத்தைப் பெருக்குவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். நிறுத்தத்தில் இருந்த ஓர் ஆச்சி, "அண்ணாச்சிக்குச் சொந்தமா?" என்று என்னிடம் கேட்டாள். கடையிலிருந்து டிவி பார்க்க வந்தேன் என்றேன். அவள் தலையாட்டிய விதத்தில் நம்பவில்லை என்று தெரிந்தது. தனியாக இருக்கும் ஒருத்தி, தனியாக இருக்கும் ஒருவர் வீட்டுக்கு மறுபடி போக முடியாது என்பது பஸ் ஏறும்போதே எனக்கு உறைத்துவிட்டது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். வாங்க என்று அவர் சொல்லவில்லை.

அதன் பிறகு நாலைந்து முறை போன் செய்தார். சத்தம் குறைகிறது என்பார், சேனல் வரவில்லை என்பார். நான் வழி சொல்லுவேன். ஒரு முறை பாதியில், அது நேற்றே சரியாகிவிட்டது என்று அவரே சொல்லிவிட்டார். பிறகு அங்கே மழையா என்று கேட்டார். மழைதான் என்றேன்.

அடுத்த பயிற்சிக்கு மதுரை போனபோது, வரப்போகும் டிவிகளைப் பற்றிச் சொன்னார்கள். இன்டர்நெட் இல்லாமலே போனுக்கு நேராக ஒளிபரப்பு வருமாம். பழைய போட்டோ ஒன்றைக் கொடுத்தால் அதில் இருப்பவரை டிவி சிரிக்க வைக்குமாம். பயிற்சியாளர் தன் தாத்தாவின் போட்டோவைப் போட்டுக் காட்டினார். அந்தத் தாத்தா எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். இதை நிறுத்தி வைக்க வழி இருக்கிறதா என்று கேட்டேன். யார் மேடம் நிறுத்தச் சொல்லப் போகிறார்கள் என்று அவர் சிரித்தார். அறையே சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்ததும், கீழே மிக்ஸி பகுதியில் இருக்கும் பெண், இலத்தூர்க்காரர் ஒருவர் தேடி வந்ததாகச் சொன்னாள். மாடியில் ஒரு மணி நேரம் நின்றிருந்தாராம். மகள் வந்து ஓசூருக்குக் கூட்டிப் போகிறாள், வீட்டைப் பூட்டியாகிவிட்டது, சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றாராம்.

ஒரு வாரம் தயங்கிவிட்டு நானே போன் செய்தேன். அந்தப் பக்கம் டிவி அலறும் சத்தம் கேட்டது. ஓசூரில் வசதியெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். மகள் வீட்டு டிவி சுவரளவு பெரிசு, நாள் முழுக்க யாராவது பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். டிஸ்க்கைப் பெட்டியில் கொண்டுபோயிருக்கிறார். பிளேயரைக் கொண்டுபோகவில்லை. பழைய குப்பையெல்லாம் எதுக்குப்பா என்று மகள் சொல்லியிருக்கிறாள். என்ன டிஸ்க் என்று அவளிடம் அவர் சொல்லவில்லை.

"சாப்பிட்டீங்களாம்மா?" என்றார்.

சாப்பிட்டேன் என்றேன். உண்மையில் டப்பாவைத் திறக்கவே இல்லை. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. புது மாடல்கள் வந்து இறங்கின. அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சுவரில் மாட்டினோம். வாங்க வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் முதலில், இதில் யாருடைய படத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். பெரும்பாலானவர்கள் கிரிக்கெட் என்கிறார்கள்.