அம்மாள் தூக்கிய கை

தடுப்பூசியைத் தோளில் அளவுக்கு மீறி உயரத்தில் குத்திவிட்டார்கள். அன்றிலிருந்து என் இடது கை நெஞ்சுக்கு மேலே எழவில்லை. டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் வேலையும் போயிற்று. தலைமுடியைக்கூடக் கணவர்தான் கட்டிவிடுவார், வைக்கோல் கட்டுவது போல. இந்தக் கேடு ஊசியால்தான் வந்தது என்று அரசாங்கத்திடம் நட்டஈடு கேட்டு எழுதினோம். மூன்று வைத்தியர்கள் பார்த்து முடிவு சொல்வார்கள் என்று பதில் வந்தது. காசைவிட, நான் நடிக்கவில்லை என்று யாராவது எழுதித் தந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. வேலையிடத்தில் நடிக்கிறாள் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

வைத்தியர்களைப் பார்ப்பதற்கு முந்திய ஞாயிறு, அம்மாள் கோயிலில் சடங்கு. உடுக்குச் சத்தம் காதுக்குள் இறங்கியது வரைதான் எனக்கு ஞாபகம். கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். முகமெல்லாம் மஞ்சள் தண்ணீர். அம்மாள் என் மேல் இறங்கி, உரு வந்து ஆடினேனாம். இந்த வயது வரை எனக்கு அப்படி வந்ததேயில்லை.

"ரெண்டு கையும் தலைக்கு மேல, புள்ள," என்றார் கணவர். அவர் முகம் வெளுத்திருந்தது.

ஊரிலிருக்கும் தங்கைக்கு அனுப்பவென்று பூசையைப் போனில் பிடித்திருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தோம். என் சேலையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி ஆடுகிறாள். கைகள் உச்சிக்கு மேல் கூப்பியபடி அசையாமல் நிற்கின்றன. பிறகு அவள் நேரே போனைப் பார்க்கிறாள். அந்தப் பார்வை என்னுடையதல்ல. உடனே எழுந்து கையைத் தூக்கிப் பார்த்தேன். நெஞ்சளவில் நின்றுவிட்டது, வலியில் கண் இருண்டது.

"அழிச்சிடட்டா?" என்று கேட்டார்.

"அம்மாளையா அழிக்கப் போறீங்க?" என்றேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

வைத்தியர்கள் மூவரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். மொழிபெயர்க்க வந்த பெண் என் பக்கம் திரும்பினாள். "ஊசிக்குப் பிறகு இந்தக் கையை ஒருக்காவாவது தலைக்கு மேல தூக்கினீங்களோ எண்டு கேக்கினம்."

"நான் தூக்கல்ல," என்றேன். அது பொய்யில்லை. ஆனாலும் மனம் கூசியது.

ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல உயர்த்தினார். நெஞ்சுவரை வந்ததும், நான் ஒன்றும் செய்யாமலே, தோளுக்குள் ஏதோ இளகியது. இந்தக் கையைத் தூக்கிவிடு தாயே என்று ஒன்றரை வருடமாக அழுதவள் நான். அன்று அந்த நாற்காலியில் இருந்துகொண்டு, இப்போது மட்டும் வந்துவிடாதே தாயே என்று கும்பிட்டேன்.