வலப்பக்கம் சாய்ந்து ஓட்டியவர்

செய்தி வந்தபோது பாவா என் கண்ணெதிரே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சென்னையில், எங்கள் அலுவலகத்தில், என் கணினித் திரையில். விளையாட்டின் புதிய பதிப்புக்காக ஒரு மலைப்பாதையைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் அவருடைய தம்பி. "ரேவதி, அண்ணன் பூட்டாரும்மா. சாப்ட்டு படுத்தாரு. எழுப்பனா எழுந்துக்கல." நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. திரையில் அவர் ஒரு வளைவில் திரும்பி, நிமிர்ந்து, அடுத்த வளைவுக்குப் போனார். நிறுத்தும் பொத்தானின் மேல்தான் என் விரல் இருந்தது. அழுத்த முடியவில்லை. பக்கத்து மேசைப் பெண் எழுந்து வந்து கணினியை அணைத்தாள்.

தணிகாசலம் பாவாவை ஆர்.கே.பேட்டைத் தறிக்காரர்களுக்கும் திருத்தணிக் கடைத்தெருவுக்கும் நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தறியிலிருந்து இறங்கிய சேலைக் கட்டுகளைத் தன் பழைய மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கடைகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர். என் பெரியம்மா மகள் நிர்மலா அக்காவின் கணவர். என் அலுவலக நண்பர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரியும். நாங்கள் செய்த மோட்டார் சைக்கிள் வீடியோ கேமில் ஓடுகிற உடம்பு அவருடையது. இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரே அஞ்சலியாக எழுதுகிறேன். இரண்டு மனிதர்களைப் பற்றி எழுதுவதுபோல இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கே சில நாட்களாக அப்படித்தான் இருக்கிறது.

அந்த வேலைக்கு முதலில் வந்தவன் உடற்பயிற்சிக்கூடத்து இளைஞன். பார்க்க லட்சணமாக இருந்தான். ஆனால் வண்டியில் உட்காரச் சொன்னால் போட்டோவுக்கு உட்கார்ந்தான். தினமும் வண்டியிலேயே வாழ்கிற ஒருவர் வேண்டும் என்று இயக்குநர் கேட்டபோது எனக்குப் பாவாவைத் தவிர யாரும் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை புறநகர் ரயிலில் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனேன். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையை மாட்டி, அசைவைப் படம்பிடிக்கும் சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகளை மூட்டுக்கு மூட்டு ஒட்டினோம். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஏம்மா கம்ப்யூட்டரு, கார்த்திகைப் பொரி உருண்டைய எல்லாம் என் மேலயே ஒட்டிட்டியே, சாமிக்கு எத்த வெச்சிப் படைப்பீங்க?" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். பிறகு, தரையில் இறுக்கிப் பொருத்தியிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அந்த நொடியிலிருந்து ஒருவரும் சிரிக்கவில்லை. நகராத வண்டி ஓட ஆரம்பித்ததுபோல் இருந்தது.

மாலையில் எலும்புக்கூடு வடிவில் அவருடைய அசைவுகளைத் திரையில் ஓட்டிப் பார்த்தோம். உடம்பு கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தே இருந்தது. நேர்ச் சாலையிலும் சாய்வு. கருவியில் கோளாறு என்று எல்லாவற்றையும் கழற்றி மாட்டி மறுபடி எடுத்தோம். மறுபடியும் அதே சாய்வு. முன்பக்கமாக வேறு நெருங்கி உட்கார்ந்திருந்தார், பின்னால் ஒரு ஆளுக்கு இடம் விட்டு. எனக்கு மட்டும் சட்டென்று புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அக்காவைத் திருத்தணி ஜவுளிக்கடை வேலைக்கு அவர்தான் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறார். அக்கா சேலை கட்டி இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு உட்காருவாள். அந்தப் பாரத்துக்கு ஈடாக அவர் வலப்பக்கம் சாய்வார். அக்கா இல்லாத வண்டியிலும் அவர் உடம்பு அக்காவை ஏற்றிக்கொண்டே போனது.

அவரிடமே சொன்னேன். நம்பவில்லை. திரையைக் காட்டியதும் கூச்சப்பட்டு, "அட, ஒங்க அக்கா டிக்கெட் வாங்காமலே மெட்ராசு வந்துட்டா பாரு" என்றார். இயக்குநர் அந்தச் சாய்வை அப்படியே விட்டுவிடச் சொன்னார். அதில் உயிர் இருக்கிறதாம். அவர் வாயில் என்ன முகூர்த்தத்தில் அந்தச் சொல் வந்ததோ.

விளையாட்டில் வண்டி ஓட்டும் ஆளுக்கு ஹெல்மெட் உண்டு, முகம் கிடையாது. கண்ணாடி கறுப்பாக இருப்பதால் உள்ளே முகம் செய்யவேண்டிய தேவையில்லை. இதைக் கேட்டதும் பாவா திரைக்கு அருகில் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"அப்ப ஹெல்மெட்டுக்குள்ள யாருதான் கீறாங்க?"

"யாரும் இல்ல பாவா. காலி."

"ஆங்... காலியா கீறவன்தான் ரொம்ப தூரம் போவான்."

அன்று அது எனக்கு வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது.

விளையாட்டு வெளிவந்ததும் யார் யாரோ எழுதினார்கள். இந்த ஆளைப் பின்னாலிருந்து பார்த்தால் பின்சீட்டு காலியாக இருப்பதுபோலத் தோன்றவில்லை என்றார் ஒருவர். அந்தக் காட்சிக் கோணத்தையே அணைத்துவிட்டு விளையாடுகிறேன் என்றார் இன்னொருவர். பாவாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பயப்படவில்லை. "தனியா போறவனுக்கு வேகம் ஜாஸ்தி, புத்தி கம்மி. நம்ம ஆளு தனியா போவலன்னு சொல்லு" என்றார். இந்தப் பேச்சை அவர் கடைத்தெருவில் பலரிடமும் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

அக்கா மட்டும் அதைப் பார்த்ததே இல்லை. "டைட்டா டிரெஸ் போட்டுகினு ஆடனத நான் வேற பாக்கணுமா" என்று தட்டிக்கழித்துவிட்டாள். அவர் போன பிறகுதான் கேட்டாள். பால் ஊற்றி முடித்த மறுநாள், உறவுக்காரர்கள் கலைந்துபோன பகல் நேரம். மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். முகம் இல்லையே, எப்படித் தெரியும் என்று நினைத்தேன். "அந்தாளுதான்" என்றாள் உடனே. "எனக்கு அவரு மூஞ்சியவிட முதுகுதான்டி நல்லா தெரியும். நான் பாத்துகினு போனது முதுகத்தான?" கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் இடது கையால் சேலைத் தலைப்பை இழுத்து மடியில் செருகிக்கொண்டாள். காற்றில் பறக்காமல், சக்கரத்தில் சிக்காமல் இருக்கச் செய்வதுபோல. அப்போது வீட்டில் மின்விசிறிகூட ஓடவில்லை.

அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை. துக்கம்தானே, சரியாகிவிடும் என்றார்கள். ஆனால் அவள் படுக்கவும் இல்லை. கட்டிலின் ஓரத்தில், இரண்டு காலையும் இடப்பக்கமாகத் தொங்கவிட்டு உட்கார்ந்தே இருந்தாள். தட்டைக் கொண்டுபோனால், "வண்டில போய்கினு கீறப்ப எப்டிடி துன்றது?" என்றாள். பேய் பிசாசெல்லாம் நம்புகிறவள் இல்லை அவள். கடையில் கணக்குப் பார்க்கிறவள்.

ஒரு காலை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கண்ண மூடனா கால்கீழ ரோடு ஓடுது ரேவதி. மலையத் தாண்டிட்டாரு. ரேணிகுண்டா ரோடு மாதிரி கீது, ஆனா அது இல்ல. எங்க போறாருன்னு கேட்டா திரும்பவே மாட்றாரு. நீதான ஏத்தி வுட்ட. என்ன எறக்கி வுட்டுடு."

அவள் கேட்டது என்ன என்று எனக்குப் புரிந்தது. சாய்வை எடுத்துவிட வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு மனமே இல்லை. இந்த உலகத்தில் பாவா என்று மிச்சமிருந்தது அந்தச் சாய்வு ஒன்றுதான். ஆனால் அக்காவின் கண்கள் குழிவிழுந்துகொண்டே போயின. செத்தவரைக் காப்பாற்றி இருப்பவளைப் பறிகொடுக்க நான் யார்? இயக்குநரிடம் பேசினேன். மறுப்புச் சொல்லாமல் தலையசைத்தார். அன்று பிற்பகல் முழுக்க உட்கார்ந்து திரையில் பாவாவின் முதுகெலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். பின்னுக்கு நகர்த்தி, விட்டிருந்த இடத்தை நிரப்பினேன். வேலை முடிந்தபோது திரையில் யாரோ ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கழிவறைக்குப் போய் அழுதேன்.

காரியத்துக்கு முந்தின நாள் மடிக்கணினியோடு அக்கா வீட்டுக்குப் போனேன். நேராக நிமிர்ந்து, தனியாகப் போகிறவரை அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு பெருமூச்சு. கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "சோறு கீதா?" என்று அவளே கேட்டாள். ரசம் விட்டுப் பிசைந்து கொடுத்தேன். நாலு வாய் சாப்பிட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவள் சாப்பிடட்டும் என்று விளையாட்டை அப்படியே ஓடவிட்டிருந்தேன். திரையில் ஒரு சந்திப்பு வந்தது. வண்டி நின்றது. கிளப்புவதற்கான பொத்தானைத் தட்டினேன். அவர் கிளம்பவில்லை. தலையை மெல்ல இடது தோள்பக்கம் திருப்பினார். அப்படியே இருந்தார்.

அந்த அசைவை நான் தொடவே இல்லை. கிளம்பும் காட்சியைத் தனியாக எடுத்திருந்தோம், அது வேறு கோப்பு. அந்தத் தலைத் திருப்பத்தைச் சாலை பார்ப்பது என்றும், தயக்கத்தைக் கணினியின் மந்தம் என்றும் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் வீட்டு வாசலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் அரைத் தலை திருப்பி, "குந்திகினியா?" என்று கேட்பார். பதில் வந்தால்தான் கிளட்சை விடுவார்.

பிசைந்த சோறு கையில் இருக்க, அக்கா சொன்னாள்: "ஆங்."

வண்டி கிளம்பியது. அந்த இடைவெளி சரியாக அந்த ஒரு சொல்லுக்கு அளவெடுத்ததாக இருந்தது.

நான் மடிக்கணினியை மூடப் போனேன். அக்கா என் கையைத் தடுத்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. வண்டி தூரத்தில் சிறிதாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தயும் எடுத்துடட்டுமாக்கா?" என்றேன்.

"வோணாம். கேக்கட்டும். பழக்க தோஷம், கேக்காம அவரால கிளம்ப முடியாது." ஒரு வாய் சோற்றை விழுங்கினாள். "அடுத்த தபா கேட்டா, நான் இப்ப வரல, நீங்க போய்கினே இருங்கன்னு சொல்றேன்."

மறுநாள் காரியம் முடிந்தது. இப்போது அக்கா பேருந்தில் வேலைக்குப் போகிறாள், நேராக உட்கார்ந்து.

பாவாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் தலைத் திருப்பம். எந்தப் பதிப்பிலும் அதை யாரும் தொட விடமாட்டேன். முகமில்லாத அந்த ஆள் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பின்னால் திரும்பி யாரையோ கேட்டுக்கொண்டுதான் இருப்பார். விளையாடுகிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்தில் பொத்தானை மறுபடி மறுபடி தட்டி அவரை அவசரப்படுத்தாதீர்கள். முடிந்தால் ஒரு பதில் சொல்லுங்கள். அக்கா இனிமேல் "ஆங்" என்று சொல்லமாட்டாள்.