குவார்ட்டர்ஸை அடமானம் வைக்கப் போனவன்

சுரங்க நிர்வாகம் கொடுத்த குவார்ட்டர்ஸ் சுவரில் என் மனைவி ஒரு ஆணிகூட அடித்ததில்லை. காலி செய்யும்போது ஆணி ஓட்டைக்கெல்லாம் பணம் பிடிப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் எங்கள் காலண்டர் அரிசி டின்மேல் சாய்ந்துதான் நிற்கும். "வேலை முடிஞ்ச அன்னைக்கே பெட்டியைத் தூக்குன்னு சொல்லிருவாங்க. நமக்குன்னு ஒரு வீடு வேணுங்க" என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் வடலூரில் ஒரு ஓட்டு வீடு விலைக்கு வந்தது. இரண்டு அறை, பின்னால் கிணறு. பார்த்தவுடனே அவளுக்குப் பிடித்துவிட்டது. தை முடிகிறவரை காத்திருக்கிறேன் என்று சொல்லி வீட்டுக்காரர் முன்பணம் வாங்கிக்கொண்டார்.

மீதிக்குக் கடன்தான் வழி. விருத்தாசலத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கம், வாங்குகிற வீட்டையே ஈடாக வைத்துக்கொண்டு கடன் தந்தது. வீட்டைக் காட்டிய கம்மாபுரத்துத் தரகரே அதற்கும் வந்து நின்றார்.

"சாரு, கமிஷன் நூத்துக்கு ஒண்ணு குடுத்துடுங்க. பாரத்த நானே எழுதி வாங்கிக்கினு வரேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! நான் யார்? சுரங்க ஆபீஸ் எழுத்தர். அத்தனை பேருடைய விண்ணப்பமும் என் மேஜையைத் தாண்டித்தான் மேலே போகும். எனக்கு ஒருவர் பாரம் நிரப்பித் தருவதா? நேரடியாகவே போட்டுக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். "அவருக்கு இதே வேலைங்க" என்று மனைவி மெல்லச் சொன்னாள். பாரத்தைக் கண்டு பயப்படுகிற ஜனங்களை வைத்துத்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கார்பன் வைத்து மூன்று பிரதி எழுத உட்கார்ந்தேன். ஐந்தாவது கேள்வி, 'வீட்டின் விவரம்'. எங்கள் ஆபீஸில் லீவு கேட்டாலும் சைக்கிள் முன்பணம் கேட்டாலும் அந்த வரி வரும். பிளாக், டைப், குவார்ட்டர்ஸ் நம்பர். கை தானாக எழுதிவிட்டது. நான்கெல்லையும் கேட்டிருந்தார்கள். சும்மா விடுவேனா? வெளியே போய்ச் சுற்றிப் பார்த்து, வடக்கே அடுத்த குவார்ட்டர்ஸின் முருங்கை மரம், தெற்கே தண்ணீர்க் குழாய் என்று முத்து முத்தாக எழுதினேன். பத்திர நகல் பிறகு போதும் என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். அதனால் வாங்கப்போகும் வீடு எது என்று காட்ட அதுவும் பாரத்தோடு போகவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சங்கத்திலிருந்து ஆபீஸுக்கு ஒரு கடிதம் வந்தது. தபால் பிரிப்பதும் நான்தான். வழக்கம்போல் முதலில் பதிவேட்டில் நம்பர் போட்டேன், பிறகு படித்தேன். 'கீழ்க்கண்ட வீட்டைத் தங்கள் ஊழியர் கடனுக்கு ஈடாகக் காட்டியுள்ளார். வீடு அவருக்குச் சொந்தமானதா, வில்லங்கம் ஏதும் உண்டா எனத் தெரிவிக்கவும்.' கீழே என் குவார்ட்டர்ஸ் நம்பர், முருங்கை மரத்தோடு.

கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் நம்பர் போட்ட கடிதத்தைத் தொலைக்கக் கூடாது என்று செக்ஷன் முழுவதற்கும் பாடம் எடுத்தவன் நான். கொண்டுபோய் அதிகாரி முன் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். "அடமானம் மட்டுந்தானா, இல்ல விக்கிற யோசனையும் இருக்கா?" என்றார். பதிலையும் என்னையே எழுதச் சொன்னார். 'மேற்படி கட்டடம் நிர்வாகத்துக்குச் சொந்தமானது. ஊழியருக்கு அதில் யாதொரு உரிமையும் இல்லை.' வாசகம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டு வேறு.

அன்று தை முடிய நாலே நாள்தான் இருந்தது; புதிதாகப் பாரம் போட்டுக் கடன் வாங்க நேரமில்லை. சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். ஆபீஸே சிரித்தது, இவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"ஏழு வருஷமா நான் ஒரு ஆணி அடிக்கல" என்றாள். "நீங்க இதைப் போய் நம்ம வீடுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

அவமானமாக இருந்தது. தை முடிந்ததும் வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு மாசம் அவள் வடலூர்ப் பக்கமே வரவில்லை.

கடைசியில் நானே சைக்கிள் மிதித்து கம்மாபுரம் போனேன். தரகர் குத்திக்காட்டுவார் என்று பயந்துகொண்டுதான் போனேன். அவர் பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்தார்.

"இப்போ நூத்துக்கு ஒண்ணரை ஆவுது சாரு" என்றார். அவ்வளவுதான்.

மந்தாரக்குப்பத்தில் ஒரு வீடு பார்த்துக் கொடுத்தார். ஒரே அறை, கிணறு கிடையாது. அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட இல்லை. ஐந்தாவது வாரம் கடன் வந்துவிட்டது.

சாவி வாங்கிய அன்று மனைவி பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்தாள். வாசலில் கிடந்த கல்லால் வலது பக்கச் சுவரில் அடித்தாள். காரை உதிர்ந்தது. நான் காலண்டரை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "இருங்க" என்று சொல்லிவிட்டு எதிர்ச் சுவருக்குப் போய் இன்னொரு ஆணி அடித்தாள்.