எட்டுக்கு ஒரு பரிகாரம்

சின்ன காஞ்சிபுரத்தில் நான் நடத்துவது கன்சல்டிங் கடை. வண்டி வாங்குகிறவர்களுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைகளை முடித்துக் கொடுப்பேன். நம்பர் வந்ததும் எல்லாரும் முதலில் செய்வது கூட்டிப் பார்ப்பதுதான். ஒன்பது என்றால் எனக்கு இனிப்பு வரும். எட்டு என்றால், சனியன் பிடித்த நம்பரை நான்தான் தேடிப் பொறுக்கி எடுத்துக் கொடுத்ததைப் போல முறைப்பார்கள். எனக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது.

அந்த வருடம் என் கவலை வேறு. முசரவாக்கம் பக்கம் எங்கள் ஊர் ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய், ஒரு சமண விவசாயியின் நிலத்துக்குள் ஓடுகிறது. நயினார் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். வயதாகிவிட்டது, இனிமேல் பயிர் வைக்க முடியாது என்று அவர் நிலத்தை விற்கப் புறப்பட்டார். பிளாட் போடுகிறவர்கள் வாங்கினால் கால்வாய் மண்ணுக்குள் போய்விடும். ஏரியும், அதை நம்பிய எங்கள் கழனியும், அங்கே வந்து இறங்கும் கொக்கும் நாரையும் அத்தோடு சரி. ஊர்ச் சங்கமே அந்த நிலத்தை வாங்கிக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தோம். "தை வரிக்கும் பாக்கறேம்மா. அப்பறம் என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது" என்றார் நயினார். ஊரில் உண்டியல் குலுக்கியதில் பாதி விலைகூடத் தேறவில்லை.

அப்போதுதான் பட்டுக் கடைக்காரர் ஒருவர் தன் புதுக் காரின் நம்பரோடு வந்து நின்றார். கூட்டினால் எட்டு. "இன்னாம்மா இது, மாத்த முடியாதா? வீட்ல ஒரே அழுகையா இருக்குது" என்றார். கொடுத்த நம்பர் கொடுத்ததுதான் என்று எத்தனை தரம் சொல்லியும் நகரவில்லை. பரிகாரமாவது ஒன்று சொல் என்று பிடித்துக்கொண்டார். எனக்கு வந்த கடுப்பில், "சனிக்கு வாகனம் காக்காதானே? எங்க ஏரில அத்தினி பறவை இருக்குது. அதுங்களுக்கு நிலம் வாங்கிக் குடுங்க, போங்க" என்றேன்.

மறுநாள் மனைவியோடு பணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்!

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோபத்தில் சொன்னேன், எனக்கு இதில் நம்பிக்கையே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மா, "நீ நம்பாட்டி போ. நாங்க நம்பறோம் இல்ல? ஏரி நல்லா இருந்தா சரி" என்றார். பேச்சு ஊரெல்லாம் பரவியது. ஷேர் ஆட்டோ, தறிக்குப் பாவு நூல் ஏற்றிப் போகும் வேன், கல்யாணச் சீராக வந்த ஸ்கூட்டர் என்று எட்டாம் நம்பர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எல்லாரிடமும் முதலில் உண்மையைச் சொல்லிவிடுவேன்; ஒருவரும் திரும்பிப் போகவில்லை. இவர்களை எத்தனை கேலி செய்திருப்பேன்! இன்று நினைத்தால் ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மார்கழி முடியப் போனது. நிலத்தின் விலைக்கு இன்னும் கொஞ்சம் பணம் தேவைப்பட்டது. நயினார் தன் பழைய மொபெட்டில் என் கடைக்கே வந்துவிட்டார். முழுதாகச் சேரவில்லை என்று சொல்லி வசூல் நோட்டை அவரிடம் நீட்டினேன். அவர் வாசலில் நின்ற மொபெட்டைக் காட்டினார்.

"கூட்டிப் பாரும்மா."

கூட்டினேன். எட்டு.

"கொறையற பணத்த வெலையில தள்ளிக்கோ. அது என் பரிகாரம்."

"இத்தினி வருசமா இதிலதானே போய்க்கினு இருக்கீங்க நயினாரே? ஒண்ணும் ஆகலையே!"

"ஆகலம்மா. இந்த எட்டு என்னை நல்லாத்தானே வச்சிருக்குது. அதுக்குத்தான் குடுக்கறேன்" என்றவர், பத்திரம் எழுத என்றைக்கு வர வேண்டும் என்று கேட்டார்.