டச்சு டீச்சருக்கு அடுத்த அறையில்

மொழி வாத்தியார் வேலையில் வயிற்றெரிச்சல் சம்பளத்தோடு சேர்ந்தே வரும். டியூஷன் எடுத்துப் பிழைக்கும் நண்பர்களே, உங்களுக்குத் தெரியாததா? யாங்கோனில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் நான் ஜெர்மன் சொல்லித்தருகிறேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மா மீமீ டச்சு சொல்லித்தர வந்தார். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

மேஜை ஆணா?

ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும், அது ஆணா பெண்ணா இரண்டும் இல்லையா என்று பார்த்து, 'டெர்', 'டி', 'டஸ்' என்ற மூன்றில் ஒன்று வரவேண்டும். வாக்கியத்தில் இடம் மாறினால் அதுவும் உருமாறும். டச்சில் 'டெ', 'ஹெட்' என்று இரண்டோடு சரி. அந்த உருமாற்றத் தொல்லையும் இல்லை. இதைப் பற்றி நான் வகுப்பில் மூச்சுவிடவில்லை. ஆனாலும் விஷயம் கசிந்துவிட்டது.

ஷ்வேப்யிதாவில் தையல் ஆலை வேலை முடித்துவிட்டு வரும் நிலார்தான் என் வகுப்பிலேயே கெட்டிக்காரி. டச்சுக்கு மாறப்போவதாக வந்து சொன்னாள். ஹாலந்தில் அவளுக்கு ஒரு சித்தி இருக்கிறாள். அது மட்டும்தான் காரணமா என்று கேட்டேன். "சயா, மேஜை ஆணா பெண்ணான்னு மேஜைக்கே தெரியாது. நான் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?" என்றாள். வாத்தியாரை இங்கே 'சயா' என்பார்கள், டீச்சரம்மாவை 'சயாமா'; மரியாதையாகத்தான் சொன்னாள்.

அந்தப் பக்கம் சிரிப்பு

ஆங்கிலத் தண்ணீர் டச்சிலும் கிட்டத்தட்ட 'வாட்டர்'தான். ஆப்பிள் 'அப்பல்'. ஜெர்மனோ எந்தக் காலத்திலோ 'வாஸர்', 'அப்ஃபல்' என்று முறுக்கிக்கொண்டுவிட்டது. மா மீமீ ஒரு சொல் சொன்னதும் பிள்ளைகள் அர்த்தத்தைக் கத்துவார்கள், கைதட்டுவார்கள், சிரிப்பார்கள். நான் இந்தப் பக்கம் வினைச்சொல் எழுதிக்கொண்டிருப்பேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: "சயா, நாம எப்போ சிரிப்போம்?"

இன்யாவில் கப்பல்

ஒருநாள் அவர் அறை வாசலைக் கடந்தபோது கரும்பலகையில் 'இன்யா மேர்' என்று எழுதியிருந்தது. எனக்கு ஒரே குஷி. ஜெர்மனில் 'மேர்' என்றால் கடல். நேரே உள்ளே போய், "இன்யா ஏரியைக் கடலாக்கிட்டீங்களே, கப்பல் எப்போ வரும்?" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

மா மீமீக்குக் கோபமே வரவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "உட்காருங்க கோ ராஜா," என்று அண்ணன் முறை வைத்தே கூப்பிட்டார். "டச்சுல மேர்னா ஏரி, ஸேன்னா கடல். உங்க ஜெர்மன்காரங்கதான் மாத்தி வெச்சிருக்காங்க."

நிலார் திரும்பினாள்

சித்தி வழியாகப் போட்ட திட்டம் நடக்கவில்லை. ஜெர்மனியில் ஒரு நர்சிங் பள்ளியில் இடம் கிடைக்கும் போலிருந்தது; அதற்கு ஜெர்மன் பரீட்சை பாஸாக வேண்டும். ஆலை வேலையையும் விட்டுவிட்டிருந்தாள், வேறு வழியில்லை. கலங்கிய முகத்தோடு என் வாசலில் நின்றவளை முன் பெஞ்சிலேயே உட்காரவைத்தேன்.

விறுவிறுவென்று முன்னேறினாள். பழைய மாணவர்களையே தாண்டிப் போனாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, "எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம் பிடிச்சுக்கிட்டே?" என்றேன்.

நிலார் அதைவிடச் சத்தமாகச் சொன்னாள்: "சயாமா டச்சுல அஸ்திவாரம் போட்டுட்டாங்க, சயா. அதுக்கு மேல நீங்க கொஞ்சம் கஷ்டப்படுத்தினா போதும்."

அவள் பாஸாகி விமானம் ஏறியதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். வழியனுப்ப மா மீமீயும் மிங்கலாடோன் விமான நிலையத்துக்கு வந்து நின்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.