கப்பல் ஊதிய சங்கு

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப் போகும் பிள்ளைகள் பதினொரு பேர். எல்லாம் ஐந்து வயதுக்குள். படக்கதைகளை நானேதான் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டிப்போன ஒரு மழைக்காலத்தில் எனக்கு ஒலிக்கதைப் பைத்தியம் பிடித்தது. புத்தகம் என் கையில், குரல் ஸ்பீக்கரில். பக்கத்தைப் புரட்டினால் போதும்.

எலிக்குஞ்சு ஒன்று கப்பல் ஏறிப் போகும் கதை. அதற்கு போனில் மூன்று பதிவுகள் கிடைத்தன. ஒன்றில் ஒரு பெண் அவசரமே இல்லாமல், பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி நிறுத்தி வாசித்திருந்தார். கேட்டால் தூக்கம் வருகிறதே என்று தள்ளிவிட்டேன். இரண்டாவதில் ஒரே பாட்டும் கூத்தும், கதை காதிலேயே விழவில்லை. மூன்றாவதில் மழை பெய்தது, அலை அடித்தது, எலி கீச்சிட்டது. எனக்கு வாயெல்லாம் பல். இதுதான் தரமான பதிவு என்று முடிவு கட்டிவிட்டேன். எவ்வளவு நேரம் கேட்டு முடிவு கட்டினேன்? இரண்டே நிமிடம். ஒரு சேலை எடுக்கப் போனால் அரை நாள் கடையைப் புரட்டிப் போடுகிற ஆள் நான்.

மறுநாள் காலை பத்து மணி. வெளியே பனி மூடிக் கிடந்தது. காம்பரா ஆயம்மா பின்னால் அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கதை கேட்டார்கள். ஐந்தாம் பக்கத்தைப் புரட்டினேன். படத்தில் கப்பல் கிளம்புகிறது. ஸ்பீக்கரில் கப்பல் சங்கு ஊதியது; நீளமாக, அடிவயிற்றிலிருந்து, அச்சு அசல் எங்கள் பெக்டரிச் சங்கு மாதிரியே.

எங்கள் காம்பராவில் சங்குக்கு ஒரே அர்த்தம்தான். மதியம் பெக்டரியில் சங்கு ஊதினால் கொழுந்து நிறுப்பார்கள், நிறுத்த கையோடு அம்மா வருவாள். ஆயம்மா தாழ்ப்பாளைத் திறப்பார், பிள்ளைகள் வாசற்படிக்கு ஓடுவார்கள். நடக்கத் தெரியாததுகூடத் தவழ்ந்து போகும்.

அன்றைக்கும் அப்படியே நடந்தது. பதினொன்றும் எழுந்து ஓடின. ஆயம்மா கரண்டியும் கையுமாக வந்து, "அதுக்குள்ள பன்னெண்டாயிருச்சா!" என்றபடி தாழ்ப்பாளைத் திறந்தேவிட்டார். வருஷக்கணக்கான பழக்கம், கை தானாகப் போய்விட்டது. "அம்மா இல்ல, அது கப்பல்! கப்பல்!" என்று நான் கத்தினேன். எங்கள் மலையில் கப்பலை யார் கண்டார்கள்? படியில் ஒன்று, முற்றத்தில் ஒன்று என்று பிடித்துப் பிடித்து உள்ளே விட்டோம். எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். பத்துதான்.

நாலு வயதுக்காரி ஒருத்தியைக் காணவில்லை.

மற்றவர்களை ஆயம்மாவிடம் விட்டுவிட்டு வெளியே ஓடினேன். பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வாசலுக்கு எதிரே லொறி போகும் ரோட்டு. ரோட்டோரம் ஆழமான கான், அதில் மழைத் தண்ணீர் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் குனிந்து பார்த்த அந்த நொடியை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை. அங்கே அவள் இல்லை. தாய் கொழுந்தெடுக்கும் ஏழாம் நம்பர் மலை, ரோட்டுக்கு நேர் மேலே இருந்தது. மூச்சு வாங்க ஏறினேன்.

அங்கே நின்றாள். கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்திருந்த தாய்க்கு எதிரே, ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றாள். அட்டை கடித்து மற்றக் காலில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அழவில்லை.

"சங்கு ஊதிருச்சு. நீ ஏம்மா வரல?"

"இன்னும் ஊதலயே புள்ள."

"ஊதிருச்சு. நான் வாசல்ல நின்னு பாத்தேன். நீ வரல."

"இந்த வயசுலயே என்னா பொய் சொல்றா பாருங்க டீச்சர்," என்று தாய் கையை ஓங்கினாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் விஷயம் பிள்ளையின் முதுகோடு போயிருக்கும், என் பேரும் கெட்டிருக்காது. அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்தது. அந்தக் கானை எட்டிப் பார்த்ததைவிட அதுதான் என்னை அதிர வைத்தது.

"அடிக்காதீங்க, அவ பொய் சொல்லல. நான்தான் ஸ்பீக்கர்ல சங்கு ஊத வச்சேன்," என்றேன்.

கங்காணி உட்பட அங்கே நின்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தாய் ஓங்கிய கையாலேயே பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "கூட்டிட்டுப் போங்க டீச்சர். சங்கு ஊதுனதும் கொழுந்த நிறுத்துட்டு வாறேன்," என்றாள். அவ்வளவுதான்.

காம்பராவுக்கு வந்து அவள் காலைக் கழுவிவிட்டேன். ஸ்பீக்கரை அணைத்தேன். நான் தள்ளிவிட்ட அந்த முதல் பதிவை போனைக் காதில் வைத்துக் கடைசி வரை கேட்டேன். எலி எங்கே என்று ஒரு பிள்ளை படத்தில் விரலால் தேட எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம், ஒவ்வொரு பக்கத்திலும் அந்தப் பெண் சும்மா இருந்தார். வெட்கமாக இருந்தது. பிள்ளைகளோடு வருஷக்கணக்காக இருக்கிற எனக்கு அது புரியவில்லையே.

பன்னிரண்டு மணிக்கு உண்மையான சங்கு ஊதியது.

ஒரு பிள்ளையும் எழவில்லை. பதினொரு பேரும் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். தாழ்ப்பாளில் கை வைத்த ஆயம்மா என் பக்கம் திரும்பி, "தொறக்கவா டீச்சர்?" என்று கேட்டார். நாலு வயதுக்காரி என் முந்தானையைப் பிடித்தாள்.

"டீச்சர், இது அம்மா வர்ற சங்கா?"

ஆமாம் என்ற சொல் வாய் வரை வந்தது. ஆனால் ரோட்டு வளைவில் அவள் அம்மாவின் தலை தெரியும் வரை நான் சொல்லவில்லை.