வாபஸ் வாங்கிய புகார்

பிள்ளைகளே, இதை உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பெரியவளுக்கு இதில் பாதி தெரியாது. சின்னவளுக்கு எதுவுமே தெரியாது. பெரியவள் இப்போது அந்த போன் கம்பெனியை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள். இனி எழுதினால் யாருக்கும் கெடுதல் வராது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவனுடைய எழுத்து இது. பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு நாம் மூன்று பேர் இருந்த வீட்டில், ஒரே வருஷத்துக்குள் நான் மட்டும் என்றாகிவிட்டது. பெரியவள் சென்னைப் பக்கம் செல்போன் செய்கிற கம்பெனியில் சேர்ந்து அங்கேயே ஹாஸ்டலில் தங்கினாள். சின்னவள் படிக்க விழுப்புரம் விடுதிக்குப் போனாள். போகும்போது என் பழைய பட்டன் போனையும் எடுத்துக்கொண்டாள். வீட்டுச் சாவி மூன்றும் ஒரே ஆணியில் தொங்கின.

லீவுக்கு வந்த பெரியவள் ஒரு புது போனை என் கையில் வைத்தாள்.

“எங்க கம்பெனில செஞ்சது நைனா. இனிமே மூஞ்சியப் பாத்துப் பேசலாம்.”

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஹாஸ்டலுக்குப் போகிற நேரம்தான் அவள் பேசுகிற நேரம். அந்த நேரத்துக்கு நானும் வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நெல் ஏலம் நடக்கிற மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தைக்கிற எனக்கு உடம்பெல்லாம் நெல் சுணையாக அரிக்கும். அந்தக் கோலத்தில் அவள் என்னைப் பார்க்க வேண்டாம் என்று நினைப்பேன். பஸ்ஸின் ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் வந்து வந்து போகும். “சாப்டியா?” என்பாள். “இன்னா கொழம்பு?” என்பாள். பகல் முழுக்க கமிட்டியில் எத்தனையோ பேர் பேசுகிறார்கள். ஆனால் அதெல்லாம் மூட்டையோடு பேசுகிற பேச்சு. என்னோடு பேசுகிற பேச்சு அது ஒன்றுதான்.

கொஞ்ச மாதத்தில் அந்த போனுக்கு ஒரு வியாதி வந்தது. சார்ஜ் நிறைய இருக்கும்போதே, பேசிக்கொண்டிருக்கிற பாதியில் அப்படியே அணைந்துவிடும். மறுபடி உயிர் வந்து சிக்னல் பிடிப்பதற்குள் அவளுடைய பஸ் ஹாஸ்டலுக்குப் போய்விடும். அங்கே பத்துப் பேர் இருக்கிற அறையில் அவள் சத்தமாகப் பேச மாட்டாள். அப்புறம் மறுநாள்தான்.

கமிட்டியில் என்னோடு மூட்டை தைக்கிறவர் ஒருவர் உண்டு. வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு நல்ல மனசு. அவர்தான் சொன்னார்.

“சிக்னலு போனா பேச்சுதான் கட்டாவும்பா. போனே செத்துப்போவாது. கஸ்டமர் கேருக்கு அடி. புதுசுதான, ஃப்ரீயா செஞ்சி தருவான்.”

அடித்தேன். தமிழுக்கு இதை அழுத்து, புகாருக்கு அதை அழுத்து என்று ஒரு பெண் குரல் சொன்னது. அழுத்தினேன். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டைப் போட்டுவிட்டார்கள். பாட்டு முடிந்து ஆள் வருவதற்குள் போன் அணைந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. எந்த நோய்க்காகக் கூப்பிட்டேனோ அந்த நோயே என்னைக் கூப்பிட விடவில்லை.

“இன்னாபா, கஸ்டமர் கேரு உன் மாமியா ஊடா? தெனம் போன் பண்ற, ஒரு நாளும் பேச மாட்டன்ற?” என்று சிரித்துவிட்டு, அவர் தன்னுடைய போனையே கொடுத்தார்.

அதில் ஆள் கிடைத்தான். பையன் குரல், மரியாதையான குரல். என் பேரைக் கேட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் பேரைச் சொல்லி ‘சார்’ போட்டான். பெட்டியின் மேல் இருக்கும் நீளமான நம்பரைப் படிக்கச் சொன்னான். படித்தேன்.

“இது மேனுஃபேக்சரிங் டிஃபெக்டா இருக்கலாம் சார். கவலைப்படாதீங்க. இந்த நம்பரை வெச்சே எந்த ஃபேக்டரி, எந்த லைன், எந்த ஷிஃப்ட்ல செஞ்சதுன்னு எல்லாம் பாத்துடுவாங்க.”

என் ஆறுதலுக்காகத்தான் அதைச் சொன்னான். எனக்குக் கையில் இருந்த போன் கனத்துப்போனது. “அப்பறம் பேசுறேன் சார்” என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டேன்.

ஏன் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் எங்கள் கமிட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூட்டை இங்கிருந்து லாரியில் ஏறி ரைஸ் மில்லுக்குப் போகும். வழியில் ஒரு மூட்டை தையல் விட்டு நெல் கொட்டினால், மில்லிலிருந்து முதலில் வருகிற கேள்வி, ‘தச்சவன் எவன்?’ என்பதுதான். சாக்கு பழசா, நூல் மட்டமா, லாரிக்காரன் கொக்கி போட்டு இழுத்தானா என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொருவர் தையலுக்கும் ஒரு முடிச்சு உண்டு. அதை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள். போனுக்கும் அப்படி ஒரு முடிச்சு இருக்கிறது என்று அந்தப் பையன் சொன்னதும், அந்த முடிச்சைப் போட்ட கை என் மகள் கையாக இருந்தால் என்று தோன்றிவிட்டது. நான் புகார் கொடுத்து, என் மகளுக்கு வேலை போவதா?

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். தப்பு என் மேல் என்று சொல்லிவிட்டால் கம்பெனிக்குப் புகார் போகாது. காசு கொடுத்துச் சரி செய்துகொள்ளலாம். ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, விழுப்புரத்தில் இருக்கிற சர்வீஸ் சென்டருக்குப் பஸ் ஏறினேன். கவுன்டரில் இருந்த பெண்ணிடம், தண்ணீர்த் தொட்டியில் போன் விழுந்துவிட்டது என்று சொன்னேன். அவள் போனை உள்ளே கொண்டுபோய்த் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

“எந்தத் தொட்டி அங்கிள்?”

“ஊட்டுத் தொட்டிதாம்மா.”

“தண்ணி இருந்துச்சா அதுல?”

“இருந்துச்சே.”

“உள்ள ஒரு ஸ்டிக்கர் இருக்கும் அங்கிள். சொட்டுத் தண்ணி பட்டாலும் செவப்பாயிடும். இது வெள்ளையா இருக்குது.” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இங்க வர்றவங்க எல்லாம் கெணத்துலயே போட்டுட்டு வந்து, போடவே இல்லன்னு சத்தியம் பண்ணுவாங்க. போடாமயே போட்டேன்னு சொல்ற மொத ஆளு நீங்கதான்.”

பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். குனிந்து, மெதுவாக, “என் பொண்ணு அந்தக் கம்பெனிலதாம்மா வேல செய்யுது” என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“அங்கிள், அங்க ஆயிரக்கணக்கான பேர் இருப்பாங்க. உங்க பொண்ணு வரைக்கும் எதுவும் போவாது. பயப்படாதீங்க.” அப்படிச் சொல்லிக்கொண்டே புகாரைப் பதிந்துவிட்டாள். பார்ட்ஸ் வந்ததும் கூப்பிடுவதாகவும், அது வரைக்கும் போன் என்னிடமே இருக்கட்டும் என்றும் சொன்னாள். நானும் தடுக்கவில்லை. அவள் சொன்னது நிஜமாக இருக்கும் என்று நம்ப ஆசையாகவும் இருந்தது.

விடுதி பக்கத்தில்தான் இருந்தது, சின்னவளே. ஆனால் அது நீ காலேஜில் இருக்கிற நேரம். கேட்டைப் பார்த்துவிட்டு நம்ம ஊர் செஞ்சிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அன்று சாயங்காலம் பெரியவள் கூப்பிட்டபோது, வழக்கமான பேச்சை விட்டுவிட்டு நேராகக் கேட்டேன்.

“நீ அங்க இன்னா வேலம்மா செய்யிற?”

“இன்னா நைனா திடீர்னு? நான் வேலைக்கு வந்து இத்தினி நாளாவுது, இப்பதான் கேக்குற.”

நிஜம்தான். சம்பளம் வந்ததா, சாப்பாடு நன்றாக இருக்கிறதா, தலைவலி போனதா என்று கேட்டிருக்கிறேன். பகல் முழுக்க அந்தக் கை என்ன செய்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். தலை முதல் கால் வரை நீல அங்கி, முடி வெளியே தெரியக் கூடாது, நின்றுகொண்டே வேலை. அவளுடையது டெஸ்டிங் மேஜை.

“போனு ஆன் ஆவுதா, அதுவா ஆஃப் ஆவுதான்னு பாக்கணும். நான் பாஸ் போட்டாத்தான் வெளிய போவும் நைனா.”

“தப்பாப் போட்டுட்டா?”

“ரிட்டர்ன் வரும். வந்தா எங்க லைனையே நிக்க வெச்சித் திட்டுவாங்க. போன வாரம் ஒரு பொண்ணு அழுதுட்டே பேக்க எடுத்துட்டு ஊருக்குப் போயிடுச்சி. பாவம், அதுக்கு...”

போன் அணைந்துவிட்டது. கறுத்த கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது.

மறுநாள் கமிட்டியில் அதே ஆளிடம் போனை வாங்கி மறுபடி கஸ்டமர் கேருக்கு அடித்தேன். புகார் கொடுக்க ஒரு எண், புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஒரு எண். புகாரே வேண்டாம் என்று சொல்ல எண் இல்லை. கடைசியில் ஒரு பெண் பேசினாள்.

“ஏன் சார் கேன்சல் பண்றீங்க? எங்க சர்வீஸ்ல ஏதாவது குறையா?”

“கொறையே இல்லம்மா.”

“அப்ப போன் சரியாயிடுச்சா சார்?”

“ஆயிடுச்சு.”

“தானாவேவா?”

“தானாவே.”

டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, தங்கள் சேவையில் எனக்குத் திருப்தியா என்று கேட்டாள். திருப்தி என்றேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கமிட்டி ஆள் தலையில் அடித்துக்கொண்டார். “உனக்குப் பைத்தியம்தான்பா புட்ச்சிக்கிது.”

பஜாரில் செல்போன் ரிப்பேர் செய்கிற கடையில் காட்டினேன். மாற்ற வேண்டிய பார்ட் கம்பெனியில் மட்டும்தான் கிடைக்கும் என்றும், கம்பெனியில் எதைச் செய்தாலும் அந்த நீள நம்பரைப் போட்டுத்தான் செய்வார்கள் என்றும் கடைக்காரர் சொன்னார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். சர்வீஸ் சென்டர்க்காரர்களும் அப்புறம் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு பேச்சு எப்போது அறுந்துபோகும் என்று தெரியாததால், கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடப் பழகினேன். அவளுக்கு அது அவசரமாகப் பட்டிருக்கும். பாதியில் நின்ற கதைகளை அவள் மறுநாள் தொடர்வதும் இல்லை. ஊருக்குப் போன அந்தப் பெண் என்ன ஆனாள் என்று எனக்கு இன்று வரை தெரியாது. தினமும் வந்த போன் ஒன்று விட்டு ஒரு நாளாகியது, பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு என்றாகியது. அவளைக் குறை சொல்லவில்லை. அறுந்து அறுந்து போகிற பேச்சுக்கு யார்தான் தினமும் வருவார்கள்? நான் மட்டும் தினமும் அந்த நேரத்துக்குச் சட்டை மாற்றி உட்கார்ந்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கேட்டுவிட்டாள்.

“ஏன் நைனா உன் போன் மட்டும் கட்டாவுது? போனு ரிப்பேரா? சொல்லு, நான் இங்கயே கேக்குறேன்.”

“போனு நல்லாத்தான் இருக்குது. சிக்னல மல மறைக்குதும்மா” என்றேன். “நம்ம தெரு மலைக்கு அடியிலயே இருக்குது இல்ல?”

“அப்ப மலைய உட்டுத் தள்ளிப் போயிப் பேசு நைனா.”

சொன்ன பொய்க்கு நடந்துதானே ஆக வேண்டும்? அடுத்த ஞாயிறு திண்டிவனம் ரோட்டில், ஊர் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் நடந்து போய்ப் பேசினேன். “இப்ப நல்லாக் கேக்குது நைனா” என்றாள். அப்புறம் தன் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். போன் அணைந்துவிட்டது. திரும்பி ஊரைப் பார்த்தேன். கோட்டை மலை தூரத்தில் சின்னதாக, ஒரு பாவமும் அறியாததாக நின்றது.

அடுத்த முறை பேசியபோது அவளுக்கு ஒரே சிரிப்பு.

“அவ்ளோ தூரம் போயும் மறைக்குதா? பெரிய மலதான் நைனா!”

“ஆமாம்மா, பெரிய மலதான்” என்றேன்.